தூரமா என்று மட்டும்தான் கேட்பாள்

1

முழங்காலுக்குத் தைலம் தேய்த்துவிட்டு, சேந்தமங்கலத்தில் என் அக்கா வீட்டு மாடியில் உட்கார்ந்திருக்கிறேன். எதிரே கொல்லிமலை. எங்கள் ஊரில் பொழுது அந்த மலைக்குப் பின்னாலிருந்துதான் ஏறி வர வேண்டும் என்பதால் வெயில் கொஞ்சம் தாமதமாகத்தான் வரும். வந்த பிறகு யாருக்கும் தயவு காட்டாது. காற்று திரும்பினால் ஜவ்வரிசி ஆலையின் புளித்த வாடை அடிக்கிறது. கனடாவின் மேற்குக் கரையில் நான் குடியிருக்கும் ஊரிலும் காற்று திரும்பினால் ஆலை வாடைதான். அது வேறு புளிப்பு. இரண்டுக்கும் மூக்கு பழகிவிட்டது, எதற்கும் அலுத்துக்கொள்ளக்கூட இப்போது தெம்பில்லை.

இந்தப் பத்திரிகைக்கு நான் எழுதும்போதெல்லாம் பனியைப் பற்றி எழுதுங்கள் என்று கேட்கிறீர்கள். பனியைப் பற்றிச் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. அள்ளிக் கொட்ட வேண்டும், முதுகு பிடித்துக்கொள்ளும், அவ்வளவுதான். அதனால் இந்த முறை காட்டுப் பாதையைப் பற்றி எழுதுகிறேன். சரியாகச் சொன்னால், பாதை எங்கே தொடங்குகிறது என்று தேடி அலைவதைப் பற்றி.

நான் அங்கே ஒரு காட்டில் தொலைந்துபோய் இந்த மாதத்தோடு ஒரு வருடம் ஆகிறது. தொலைந்தது என்னவோ ஒரே ஒரு ராத்திரிதான். ஆனால் அந்த ராத்திரியிலிருந்து என் மகள் கயல் தன் அம்மாவோடு சரியாகப் பேசுவதில்லை. அந்த ஒரு வருடம்தான் என்னை ஆளையே தேய்த்துவிட்டது. நேற்றுக் காலை இந்த வீட்டு வாசலில் ஒன்று நடந்தது. அதைச் சொல்லத்தான் இவ்வளவும்.

2

நான் பள்ளிபாளையத்தில் காகித ஆலையில் வேலை பார்த்தவன். பெண்ணும் அங்கேயே எடுத்தேன். செல்வி வீட்டார் காவிரிக் கரையில் பிறந்து வளர்ந்தவர்கள். மலையடிவாரத்து ஆட்களான எங்களை ஒரு மாதிரித்தான் பார்ப்பார்கள். காகித ஆலை அனுபவம் இருந்ததால் கனடாவில் மரக்கூழ் ஆலை ஒன்றில் வேலை கிடைத்தது. கயலை இடுப்பில் தூக்கிக்கொண்டு போனோம். இப்போது அவள் அந்த நாட்டின் இன்னொரு கோடியில் வேலை பார்க்கிறாள். விமானத்தில் போனாலும் பாதி நாள் ஆகிவிடும்.

ஆலை ஊரில் ஞாயிற்றுக்கிழமை என்றால் துணி துவைக்கலாம், ஊருக்குப் போன் பேசலாம், ஜன்னல் வழியாக மழையைப் பார்க்கலாம். இந்த மூன்றும் எனக்குச் சீக்கிரமே சலித்துவிட்டன. மரம் ஏற்றி வரும் லாரிக்காரர்களோடுதான் முதலில் பழக்கமானேன். நாமக்கல் பக்கத்து ஆளுக்கு லாரி நிற்கிற இடத்துக்குக் கால் தானாகப் போகும். பாடி எங்கே கட்டினது, டயர் எவ்வளவு உழைக்கும் என்று விசாரித்தாலே போதும், எந்த ஊர் டிரைவரும் வாயைத் திறந்துவிடுவார். காட்டுக்குள் மரம் வெட்டி முடித்து அப்படியே விட்டுவிட்ட ரோடுகளைப் பற்றி அவர்கள்தான் சொன்னார்கள். அந்த ரோடு முடிகிற இடத்திலிருந்து ஏதாவது ஏரிக்கோ அருவிக்கோ ஒற்றையடிப் பாதை போகும். போர்டு இருக்காது. ஆள் இருக்காது.

பேர்பெற்ற பாதைகளுக்கு நான் போவதில்லை. அங்கே போவது திருப்பதிக்குப் போவது மாதிரி. கம்ப்யூட்டரில் முன்பதிவு, காரை நிறுத்த இடம் தேடிச் சுற்றுவது, முன்னால் பத்துப் பேர், பின்னால் பத்துப் பேர், நடுவில் சட்டை போட்ட நாய்கள். வாரம் முழுக்க ஆலையில் ஆட்களோடு மாரடித்துவிட்டு ஞாயிற்றுக்கிழமையும் ஆட்களைப் பார்க்க எனக்குப் பொறுமை இல்லை. அதனால் யாருக்கும் தெரியாத பாதைகளாகத் தேடிப் போனேன்.

பாதையில் நடப்பது ஒன்றும் பெரிய வேலை இல்லை. அது தொடங்குகிற இடத்தைக் கண்டுபிடிப்பதில்தான் உயிர் போகும். வரைபடத்தில் ரோடு என்று போட்டிருப்பார்கள். போய்ப் பார்த்தால் ரோட்டின் மேல் என்னைவிட உயரமாக மரம் நிற்கும். பாலம் என்று போட்ட இடத்தில் பாலத்தைக் கழற்றிக்கொண்டு போயிருப்பார்கள். குறுக்கே பள்ளம் வெட்டி வைத்திருப்பார்கள், இல்லையென்றால் இரும்புக் கதவு போட்டுப் பூட்டியிருப்பார்கள். நான் சனிக்கிழமையே உட்கார்ந்துவிடுவேன். செயற்கைக்கோள் படத்தைப் பெரிதாக்கிப் பார்ப்பேன். நூலகத்தில் இருக்கும் பழைய வரைபடத்தோடு ஒத்துப் பார்ப்பேன். எந்தக் காலத்திலோ நடந்த யாரோ ஒரு புண்ணியவான் இணையத்தில் எழுதியிருப்பான்: இரண்டாவது மதகு தாண்டி இடது பக்கம், கிளையில் ரிப்பன் கட்டியிருக்கும். அந்த ரிப்பனை நம்பித்தான் போக வேண்டும். எந்த ஓடையில் தண்ணீர் பிடிப்பது, மேகம் எந்தப் பக்கம் கூடினால் திரும்புவது, எந்த நேரத்துக்கு மேல் ஓர் அடிகூட முன்னால் வைக்கக் கூடாது, எல்லாவற்றையும் யோசித்து வைத்துவிட்டுத்தான் படுப்பேன்.

இவ்வளவு யோசிக்கிற ஆள், போகிற இடத்தைப் பொண்டாட்டியிடம் ஒரு நாளும் சொன்னதில்லை.

3

அவளும் கேட்டதில்லை. ஏன் என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு படி இறங்குகிற ஆளிடம் எங்கே என்று கேட்டால் போகிற காரியம் விளங்காது. தப்பித் தவறி யாராவது கேட்டுவிட்டால் திரும்பி வந்து, உட்கார்ந்து, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மறுபடி கிளம்ப வேண்டும். என் மச்சான், அதாவது அக்கா வீட்டுக்காரர், லாரி ஓட்டியவர். வடக்கே லோடு ஏற்றிக்கொண்டு கிளம்பிய ஒரு காலையில் எதிர் வீட்டுக்காரர் வாய் தவறி எங்கே பயணம் என்று கேட்டுவிட்டார். மச்சான் எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கி வந்து, சட்டையைக்கூடக் கழற்றிப் போட்டுவிட்டு, அக்கா கையால் காபி வாங்கிக் குடித்த பிறகுதான் மறுபடி வண்டி எடுத்தார். லோடுக்காரன் போனில் கத்திக்கொண்டே இருந்தான். அவன் கத்தட்டும் என்றார்.

எங்கே என்று கேட்க முடியாது என்பதால் நம் ஊரில் தூரமா என்று கேட்பார்கள். செல்வியும் அதைத்தான் கேட்பாள். கனடாவில் எங்கள் வீட்டுக் கதவருகே நான் குனிந்து பூட்ஸ் கயிற்றை இறுக்கும்போது, சமையற்கட்டிலிருந்து கரண்டியோடு எட்டிப் பார்த்து, "தூரமுங்களா?" என்பாள். நான் "இல்ல, கிட்டத்தான்" என்பேன். அவள் கேட்டதும் ஆயிற்று, நான் சொன்னதும் ஆயிற்று. மூன்று மணி நேரம் கார் ஓட்டிப் போகிற இடமாக இருந்தாலும் கிட்டத்தான். இந்த ஒரு கேள்வியையும் ஒரு பதிலையும் வைத்துக்கொண்டே வெளிநாட்டில் எங்கள் குடித்தனம் இத்தனை காலம் ஓடியது. அதில் ஏதும் குறை இருந்ததாக எனக்கு அன்றுவரை தோன்றவில்லை.

4

போன வருடம் இதே மாதம். அங்கே அறுவடைக்கு நன்றி சொல்லும் விடுமுறை. கயல் வீட்டுக்கு வந்திருந்தாள். அவள் தூங்கிக்கொண்டிருந்தபோது நான் கிளம்பினேன். செல்வி தூரமா என்றாள், நான் கிட்டத்தான் என்றேன்.

ஓய்வுபெற்ற லாரிக்காரர் ஒருவர் சொன்ன ஏரி அது. பள்ளம் வெட்டின இடத்துக்கு முன்னாலேயே, புதர் ஓரமாகக் காரை நிறுத்திவிட்டு நடந்தேன். மதகு வந்தது, ரிப்பனும் வந்தது. ரோஸ் கலர் ரிப்பன், கிளைக்குக் கிளை அழகாகக் கட்டியிருந்தது. பாதை இவ்வளவு சுத்தமாக இருக்கிறதே என்று சந்தோஷமாக நடந்தேன். நடுக்காட்டில் ரிப்பன் நின்றுவிட்டது. அது நடக்கிறவர்களுக்குக் கட்டிய ரிப்பனே இல்லை. வெட்டப் போகிற மரங்களை அளந்து எல்லை போட்டவர்கள் கட்டியது. திரும்பலாம் என்று பார்த்தால் மழை பிடித்துக்கொண்டது. வழுக்கி விழுந்து கணுக்கால் மடங்கியது. ஒரு தேவதாரு மரத்தடியில் சாய்ந்து உட்கார்ந்தேன். அந்த ராத்திரியைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. குளிர்ந்தது, பிறகு விடிந்தது.

வீட்டில் நடந்ததைக் கயல் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். இருட்டியும் நான் வராததால் அவள் போன் செய்து உதவி கேட்டிருக்கிறாள். சீருடை போட்ட ஓர் அதிகாரி வந்து, தன்மையாகத்தான் கேட்டிருக்கிறார். உங்கள் கணவர் எந்தப் பாதைக்குப் போனார்? செல்வி, காட்டுக்குப் போனார் என்றாள். எந்தக் காட்டுக்கு? அந்த ஊரில் எந்த ஜன்னலைத் திறந்தாலும் காடுதான். செல்விக்கு அதற்கு மேல் தெரியாது. "கிட்டத்தான்னு சொன்னாருங்க" என்றிருக்கிறாள். அதை இங்கிலீஷில் அந்த மனிதரிடம் எடுத்துச் சொல்ல வேண்டியவள் கயல். கிட்டத்தில் என்றால் எதற்குக் கிட்டத்தில் என்று அவர் கேட்க, அம்மாவும் மகளும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார்கள்.

ஊரைச் சுற்றி மூன்று பள்ளத்தாக்கு. தேடும் ஆட்களை மூன்றாகப் பிரித்து அனுப்ப வேண்டியதாயிற்று. எல்லோரும் சம்பளம் இல்லாமல் வந்த தொண்டர்கள். மறுநாள் வேலைக்குப் போக வேண்டியவர்கள். விடிந்த பிறகுதான் புதர் ஓரத்தில் என் காரைப் பார்த்திருக்கிறார்கள். என்னைத் தாங்கலாகக் கூட்டிக்கொண்டு வந்தபோது செல்வி யாருடையதோ ஒரு மழைக்கோட்டில், அது தரையில் இழுபட, நின்றுகொண்டிருந்தாள். என் கையைப் பிடித்துப் பார்த்தாள். கயல் காருக்குள் முன் சீட்டில் உட்கார்ந்து நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

5

ஆஸ்பத்திரியில் காலுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தபோது கயலின் கோபம் வெடித்தது. கயலுக்குத் தமிழ் வரும். கோபம் வந்தால் பாதியில் நின்றுவிடும். அன்றைக்கு நிற்காமல் வந்தது. "எப்படிம்மா உனக்குத் தெரியாம இருக்கும்? கேக்கணும்னுகூடத் தோணலையா?"

"கெளம்பற மனுசங்கிட்ட எங்கன்னு எப்படி சாமி கேக்கறது?" என்றாள் செல்வி.

கயல் அதன் பிறகு இங்கிலீஷுக்கு மாறினாள். சுருக்கமாகச் சொன்னால், அப்பா மேல் அக்கறை இருந்திருந்தால் கேட்டிருப்பாய் என்பதுதான். செல்விக்கு அந்த அளவு இங்கிலீஷ் புரியும். பையிலிருந்து என் மாற்றுச் சட்டையை எடுத்து, மடித்து, மறுபடி பையிலேயே வைத்தாள்.

நான் சமாதானம் சொல்லிப் பார்த்தேன். சகுனம், வாக்கு, தண்ணீர் குடிப்பது என்று இங்கிலீஷில் சொல்லச் சொல்ல எனக்கே கிறுக்குத்தனமாகக் கேட்டது. நம் ஊரில் பெருமூச்சு விட்டாலே புரிகிற விஷயத்துக்கு அங்கே அரை மணி நேரம் விளக்கம் கொடுக்க வேண்டும்; கொடுத்த பிறகும் புரியாது. அம்மாவுக்கும் மகளுக்கும் நடுவே மொழிபெயர்த்தே நான் கிழவனானவன். அன்றைக்கு என்னால் முடியவில்லை, விட்டுவிட்டேன்.

அதன் பிறகு கயல் ஞாயிற்றுக்கிழமைகளில் போன் செய்வாள். கால் எப்படி இருக்கிறது என்பாள். அம்மாவிடம் தரட்டுமா என்றால், அப்புறம் பேசுகிறேன் என்பாள். செல்வி இரண்டடி தள்ளி நின்று கேட்டுக்கொண்டுதான் இருப்பாள். சாப்பிட்டாளான்னு கேளுங்க என்று சைகை காட்டுவாள். நான் கேட்பேன், கயல் ம் என்பாள், நான் செல்வியைப் பார்த்துத் தலையாட்டுவேன். ஒரு வருடமாக எங்கள் குடும்பம் பேசின லட்சணம் இது.

இன்னொன்றும் நடந்தது. செல்வி தூரமா என்று கேட்பதையும் நிறுத்திவிட்டாள். கால் சரியான பிறகு ஆற்றோரம் கொஞ்ச தூரம் நடக்கப் போவேன். அப்போதும் கேட்க மாட்டாள். ஜன்னலில் நிற்பாள். நான் திரும்பி வரும்போதும் அங்கேயே நிற்பாள். எனக்கு அது கயலின் கோபத்தைவிடக் கஷ்டமாக இருந்தது.

6

அக்கா மகன் கல்யாணத்துக்காக மூன்று பேரும் ஊருக்கு வந்தோம். கயலை வரவழைத்தது அக்காதான். போனில் அத்தை அழுதால் மருமகளுக்கு வேறு வழியில்லை. கல்யாணம் முடிந்து ஒறம்பரை, சொந்தபந்தமெல்லாம் கலைந்த பிறகு, ஒரு நாள் காலையில் கயல் இதே மாடியில் நின்று மலையைப் பார்த்துவிட்டு, "அங்க நடந்து போக முடியுமாப்பா?" என்றாள். ஒரு வருடத்தில் அவள் என்னிடம் ஆசையாகக் கேட்டது அது ஒன்றுதான். மச்சான் காதில் விழுந்தது. எழுபது கொண்டை ஊசி வளைவு போட்டு ரோடு இருக்கிறது, பஸ் போகிறது, காரும் வீட்டு வாசலில் நிற்கிறது, பிறகு ஏன் நடக்க வேண்டும் என்று உண்மையாகவே புரியாமல் கேட்டார்.

ரோடு வருவதற்கு முன்னால் மலைக்காரர்கள் பலாவும் மிளகும் தலையில் சுமந்து சந்தைக்கு இறங்கின தடங்கள் இருந்திருக்கின்றன. அதில் ஒன்றைக் கயல் போனில் பிடித்தாள். செயற்கைக்கோள் படத்தில் முடி மாதிரி ஒரு கோடு. மேலே போகப் போகத் தெரிந்தது. கீழே, அடிவாரத்தில், ஜவ்வரிசி ஆலைக்குப் போகிற குச்சிக்கிழங்கு விளையும் காட்டுக்குள் வந்து காணாமல் போயிற்று. சரி, இது நமக்குத் தெரிந்த வேலைதான் என்று கிளம்பினோம்.

அங்கே நான் ரிப்பனைத் தேடுவேன். இங்கே ஆளைக் கேட்க வேண்டும். நம் ஊரில் வழி கேட்டால் தெரியாது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அது மரியாதை இல்லை. டீக்கடையில் கேட்டோம், "நேராப் போனா வந்துருமுங்க" என்றார்கள். நேராகப் போனோம். பாக்குத் தோப்பு வந்தது. அங்கே கேட்டோம், அதே நேராத்தான். வேலிக்கு நடுவே ஒடுங்கிப் போகிற இட்டேரி ஒன்றில் புகுந்து வெளியே வந்தால் ஒரு கோழிப்பண்ணை வந்தது. அத்தோடு வழி அடைத்துவிட்டது. கயல் சிரித்தாள். அவள் சிரித்ததால் நானும் சிரித்தேன்.

கடைசியில் தடம் அந்தப் பண்ணைக்குள்தான் இருந்தது. பண்ணைக்காரர் தயக்கம் இல்லாமல், "அந்தத் தடமுங்களா? நம்ம பொறத்தால கேட்டத் தொறந்தா அதேதானுங்க. இப்ப அதுல யாரு நடக்கறாங்க" என்றார். கேட்டில் மருந்துத் தண்ணீர்த் தொட்டி ஒன்று இருந்தது. வெளி ஆட்கள் காலை நனைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும், கோழிக்கு நோய் வந்துவிடும். நனைத்துவிட்டுப் போனோம். பின்கேட்டுக்கு வெளியே கிளுவை வேலி ஓரமாக ஓர் இட்டேரி, அதைத் தாண்டி வறண்ட ஓடை, ஓடைக்கு அந்தப் பக்கம் கல் பாவின படி இரண்டு மூன்று உண்ணிச்செடிக்குள் தெரிந்தன. ஒரு காலத்தில் எத்தனையோ பேர் இறங்கின இடம். கயல் போனில் ஒரு புள்ளி வைத்துக்கொண்டாள்.

மலைக்குள் போக அனுமதி வேண்டும். அதற்கு வனத்துறை அலுவலகம் போனோம். எழுத்தர் நல்ல மனிதர், ஆனால் என் பாஸ்போர்ட்டைப் பார்த்ததும் யோசித்தார். வெளிநாட்டுக்காரர் என்றால் வேறு மாதிரி எழுத வேண்டுமாம். இந்த மலையைப் பார்த்துக்கொண்டேதான் பல் விளக்கினேன் என்றேன். "புரியுதுங்க, ஆனா காகிதத்துல நீங்க கனடாங்களே" என்றார். மறுபடி மறுபடி போய், நகல் கொடுத்து, கையெழுத்துப் போட்டு, ஒரு வனக் காவலர் கூட வருவார், பாதி மலையில் சுனைப் பாறைவரை போய்த் திரும்ப வேண்டும் என்று முடிவாயிற்று. எழுத்தர் எடுத்த எடுப்பிலேயே எங்கே போகிறீர்கள் என்றுதான் கேட்டார். சர்க்கார் மேசைக்குச் சகுனம் கிடையாது. எங்கிருந்து எங்கே, எந்த வழி, எத்தனை பேர், எப்போது திரும்புவது, எல்லாம் கேட்டார். எல்லாம் சொன்னேன்.

வெளியே வந்ததும் கயல், "அவர்கிட்ட எல்லாம் சொன்னீங்க" என்றாள்.

கேட்டார், சொன்னேன் என்றேன்.

"அம்மாவுக்குத் தெரியுமா?"

நாங்கள் நாள்கணக்கில் தேடி அலைந்தும் செல்வி ஒரு வார்த்தை விசாரிக்கவில்லை, நானும் சொல்லவில்லை. கயல் என்னைப் பார்க்காமல், "அப்ப இந்தத் தடவையும் அதேதான்" என்றாள்.

அன்றைக்குச் சாயங்காலம் அவள் கடைக்குக் கிளம்பும்போது, அத்தை போறேன் என்றாள். அக்கா அவரைக்காய் நறுக்கிக்கொண்டே, வாரேன்னு சொல்லு சாமி என்றாள். கயல் கடைக்குப் போகாமல் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். மாமா லாரியில் போகும்போது நீங்கள் எங்கே என்று கேட்டதே இல்லையா என்று கேட்டாள். இல்லை என்றாள் அக்கா. ஒரு மாதம் ஆளைக் காணோம் என்றாலும் கேட்டதில்லை. செல்வி அடுப்படியில்தான் இருந்தாள். பாத்திரச் சத்தம் நின்றுவிட்டது.

"கவலையா இருக்காதாத்தை?"

"இல்லாம? வண்டிச் சத்தம் கேட்டா எந்திரிச்சு எந்திரிச்சுப் பாப்பேன். வாயத் தொறந்து கேட்டு, அதனாலயே எதாச்சும் ஆயிப்போச்சுன்னா? அந்தப் பயத்துலதான் சாமி கேக்கறதில்ல" என்றாள் அக்கா. பிறகு, அப்படி யாராவது கேட்டுத் தொலைத்துவிட்டால் தண்ணீர் குடிக்க வைத்து அனுப்பும் வழக்கத்தையும் சொன்னாள். கயல் ஓர் அவரைக்காயை எடுத்து நாரை உரித்துப் போட்டாள். பிறகு எழுந்து கடைக்குப் போனாள்.

7

நேற்று வெடியால, பொழுது மலையேறுவதற்கு முன்பே கிளம்பினோம். காவலர் பண்ணைக் கேட்டுக்கு வந்துவிடுவதாகச் சொல்லியிருந்தார். மச்சான் காரை எடுத்துத் தெருவில் நிறுத்தியிருந்தார். அக்கா தெருமுனைவரை பார்த்து, எதிரே யாரும் வரவில்லை, கிளம்புங்கள் என்றாள். கயல் பையை மாட்டிக்கொண்டு கேட்டுக்கு வெளியே நின்றாள். நான் படியில் உட்கார்ந்து பூட்ஸ் கயிற்றை இறுக்கிவிட்டு எழுந்தேன்.

செல்வி புளிச்சோற்றுப் பொட்டலத்தோடு வந்தாள். பையில் வைத்தாள். முந்தானையில் கையைத் துடைத்தாள். துடைத்த கையையே மறுபடி துடைத்தாள். நான் ஒரு படி இறங்கிவிட்டேன்.

"எங்க போறீங்க?" என்றாள்.

சத்தம் பெரிதாக இல்லை. ஆனால் மச்சான் எஞ்சினை அணைத்துவிட்டார். அக்கா, "அம்மிணி, என்ன காரியம் பண்ணிப்போட்ட" என்று தலையில் கை வைத்தாள். செல்வியின் முகத்தில் ரத்தம் இல்லை. கல்யாணமான நாளிலிருந்து அவள் வாயில் வராத வார்த்தை அது. அதைக் கேட்டால் எனக்கு என்ன ஆகும் என்று அவள் மனதார நம்புகிறவள். நம்பிக்கொண்டேதான் கேட்டாள். கேட்டது என்னைத்தான், பார்த்தது கயலை.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. இறங்கின படியிலேயே நின்றேன். கயல் பையைக் கழற்றித் தரையில் வைத்தாள். கேட்டைத் திறந்து உள்ளே வந்து, என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்தாள். உள்ளே போனாள். செம்பு நிறையத் தண்ணீரோடு வந்தாள். நான் குடித்து முடிக்கும்வரை நின்று பார்த்துவிட்டு, அவள் அம்மாவிடம் திரும்பினாள்.

"உக்காந்தாச்சு, தண்ணியும் குடிச்சாச்சு. ஒண்ணும் ஆகாது. இப்பக் கேளும்மா."

செல்வி மறுபடி கேட்டாள். இந்த முறை என்னைப் பார்த்தே கேட்டாள்.

நான் சொன்னேன். பாக்குத் தோப்பு தாண்டி இருக்கிற கோழிப்பண்ணை. அதன் பின்கேட்டு. கிளுவை வேலி இட்டேரி, வறண்ட ஓடை, கல் படி. அங்கிருந்து சுனைப் பாறைவரை, அதற்கு மேல் இல்லை. பொழுது சாய்வதற்குள் பண்ணைக்கு வந்துவிடுவோம். வராவிட்டால் வேறு எங்கும் தேடாதே, மச்சானைக் கூட்டிக்கொண்டு நேராக அந்தப் பின்கேட்டுக்கு வா. இத்தனை வருடத்தில் நான் அவளிடம் சேர்ந்தாற்போல இவ்வளவு பேசியதில்லை.

ஏறின கதை பெரிதாக இல்லை. செடி கிழித்தது, என் முழங்கால் பாதியிலேயே முரண்டு பிடித்தது, காவலருக்கும் மூச்சு வாங்கியது, சுனையில் தண்ணீர் கொஞ்சம்தான் இருந்தது. பொழுது சாய்வதற்கு முன்னாலேயே இறங்கிவிட்டோம். பின்கேட்டில் செல்வி நின்றுகொண்டிருந்தாள், மருந்துத் தண்ணீரில் நனைந்த செருப்போடு. நாங்கள் தாமதமாகவில்லை. ஆனாலும் வந்திருந்தாள்.

யார் வழி சொன்னது என்று கேட்டேன். மச்சானுக்கு அந்தப் பண்ணை தெரியாது. அவர் டீக்கடையில் விசாரிக்கலாம் என்றிருக்கிறார். வேண்டாம் என்றிருக்கிறாள் செல்வி. காரில் முன்னால் உட்கார்ந்து, தோப்பு, திருப்பம், இட்டேரி என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே, ஓர் இடத்தில்கூடத் தடுமாறாமல் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறாள்.

கயல் அதைக் கேட்டுவிட்டு அம்மாவின் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். செல்வி அவள் தலைமுடியில் ஒட்டியிருந்த உண்ணிச்செடி முள்ளை ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டாள்.